டெஸ்டர் எரிந்தால் போதுமா? வாடகை வீட்டு வயரிங்கில் நாம் ஏமாறும் இடங்கள்

காரைக்குடியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் உப்பா என்று கேட்போம், ஸ்விட்சைத் தட்டுவோம், ஃபேன் சுற்றும், சரி என்று அட்வான்ஸைக் கொடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாஷிங் மெஷினைத் தொட்டதும் சுரீர் என்றது. "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க தம்பி" என்றார் வீட்டுக்கார ஆச்சி, சாதாரணமாக.

டெஸ்டர் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம், எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) இருக்கிறதா என்று அது சொல்லாது. மூன்று ஓட்டை பிளக் பாயிண்டைப் பார்த்து எர்த் உண்டு என்று நம்பியதுதான் நான் செய்த தப்பு; பிளேட்டைக் கழற்றினால் மேல் ஓட்டைக்கு வயரே வரவில்லை. இதைவிட மோசம், நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்தில் கொடுத்து வைப்பது. பேஸுக்கும் (கரண்ட் வருகிற வயர்) எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப், அதாவது ஒரு பல்பு, வைத்தால் ஜோராக எரியும், ஆனால் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் மெஷின் பாடியில் 230 வோல்ட் நிற்கும். தயவுசெய்து அந்த பல்பு சோதனையை நீங்களே செய்யாதீர்கள். எர்த் வயர் வெளியே மண்ணில் இருக்கிற எர்த் குழிவரை போகாமல் நடுவில் அறுந்திருந்தால் அதே வயரில் இருக்கிற எல்லாப் பாடிக்கும் பல்பு வழியாகக் கரண்ட் ஏறும். மீட்டரோடு வருகிற எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். குழியையும் காட்டச் சொல்லுங்கள்: நம்ம ஊர் செம்பாறை மண் சித்திரையில் காய்ந்து கிடக்கும், மண் காயக் காய எர்த் வேலை செய்வதும் குறையும்.

டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துவிடும் பெட்டி) எம்சிபி என்கிற தானே விழும் ஸ்விட்ச் இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆளைக் காப்பது, கரண்ட் கசிந்தால் விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தாலும் அந்த ஸ்விட்ச் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், எர்த்துக்கு அது சான்று இல்லை.

பழைய செட்டிநாட்டு வளவு வீட்டில் பாகம் பிரித்து விட்ட போர்ஷன் என்றால் இன்னொன்று. பழைய மரக் கேசிங் வயரிங்கில் பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் பீங்கான் ப்யூஸ் இருக்கும். நியூட்ரல் ப்யூஸ் போனால் லைட் அணைந்துவிடும், பேஸ் மட்டும் உயிரோடு இருக்கும், கரண்ட் இல்லை என்று கை வைப்போம். ப்யூஸ் கட்டையை உருவிப் பார்த்தால் சன்னக் கம்பிக்குப் பதில் நாலு இழை செம்புக் கம்பி முறுக்கியிருப்பதும் சகஜம்.

இன்சுலேஷனுக்கு (வயரின் மேலுறை) அதை அளக்கிற 500 வோல்ட் மெக்கர் மீட்டர் வைத்து 1 மெகா ஓம்முக்குக் குறையாமல் வருகிறதா என்று கேளுங்கள், டிவி, எல்இடி எல்லாம் கழற்றிய பிறகு. இந்தச் சோதனைக்கு மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் நிறுத்த வேண்டும்.

சுவருக்குள் இருக்கிற வேலைக்கு யார் செலவு செய்வது என்பதை அட்வான்ஸுக்கு முன்பே பேசிவிடுங்கள். நான் பின்னால் பேசப் போய், பாதி என் கையிலிருந்துதான் போனது.