"குளோரின்தான் போட்டிருக்காங்களே": பொது நீச்சல் குளத்தில் நாம் செய்யும் தவறுகள்

வெயில் ஏறத் தொடங்கினால் மெரினாவில் மாநகராட்சி நடத்தும் குளம் முதல் ஊர்ப்பக்கத்து கிளப் குளம் வரை எல்லா நீச்சல் குளங்களிலும் கூட்டம்தான். பேட்ச் பேட்சாக ஆட்கள் மாறுவார்கள், தண்ணீர் மாறாது. அதே தண்ணீர்தான் வடிகட்டியில் ஓடி, குளோரின் சேர்ந்து, திரும்பக் குளத்துக்கு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

"தண்ணியிலதானே இறங்கப் போறோம், எதுக்குக் குளிக்கணும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் பலரும் கேட்காமலே ஷவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் வியர்வை, தலையில் வைத்த தேங்காய் எண்ணெய், முகத்தில் பூசிய கிரீம் எல்லாம் குளத்தில்தான் கலக்கும். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் இந்த அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துபோகும். எண்ணெய்த் தலையோடு நாலு பேர் இறங்கிய பிறகு, நீர்மட்டத்தை ஒட்டிய டைல்ஸை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பு தெரியும். ஒரு நிமிட ஷவரில் பெரும்பாலான அழுக்கு போய்விடும். எண்ணெய் வைத்த அன்று மட்டும் ஷாம்பூ போட்டு அலசிவிட்டு, தொப்பி மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்தது மூக்கைத் துளைக்கும் அந்த நெடி. அது வந்தால் "நல்லா குளோரின் போட்டிருக்காங்க" என்று நிம்மதியடைகிறோம். குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைனாக மாறும்போதுதான் அந்த நெடி கிளம்புகிறது. கண் சிவப்பதற்கும் தொண்டை கரகரப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் இவ்வளவு நெடி இருக்காது. குழந்தைகளை இறங்கும் முன்னும், அப்புறம் மணிக்கு ஒரு தடவையும் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

வயிற்றுப்போக்கு இருக்கும்போது இறங்கவே கூடாது. காசு கட்டியாச்சே, ஒரு நாள் விட்டால் வீண்தானே என்று அனுப்பிவிடுகிறோம். குளோரின் சரியான அளவில் இருந்தால் ஈ.கோலை போன்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதே தண்ணீரில் 7 நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனாலே அடுத்தவர் பிள்ளைக்கும் வந்துவிடும். அது வந்தவர்கள் பேதி நின்ற பிறகும் 2 வாரம் குளத்துப் பக்கம் போகக் கூடாது.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது, லைஃப்கார்ட் இருக்கிறாரே என்று கரையில் உட்கார்ந்து போன் பார்ப்பது. குழந்தை மூழ்கினால் கத்தும், கையை ஆட்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும். ஏணியில் ஏறுவதுபோல் கைகள் தண்ணீரை அழுத்தும். மூச்சுக்கே போராடும் குழந்தைக்குக் கத்த வழி ஏது? தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். நீச்சல் தெரியாத பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்றடைத்த ட்யூபும் கையில் மாட்டும் பலூனும் விளையாட்டுச் சாமான்கள்தான், நழுவிவிடும்.

நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களுக்கு வேறு ஆபத்து: யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்ற மூச்சடக்கும் போட்டி. வேக வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கும். மூச்சு வாங்கு என்று மூளைக்குச் சொல்வதே அதுதான். அந்தத் தவிப்பு வரும் முன்பே ஆக்சிஜன் குறைந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். இந்தப் போட்டி வேண்டவே வேண்டாம்.

ஆழம் பார்க்காமல் தலைகீழாகப் பாய்வது, ஈரத் தரையில் ஓடுவது, கான்டாக்ட் லென்ஸோடு இறங்குவது, இவை ஆகாதென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறோம்.

சரி, புதிதாக ஒரு குளத்துக்குப் போகிறீர்கள், எப்படி நம்புவது? இன்றைக்குக் குளோரின் எவ்வளவு என்று கேளுங்கள், லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அப்புறம் ஆழமான பக்கத்தில் நின்று எட்டிப் பாருங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லையென்றால், அங்கே ஒருவர் மூழ்கிக் கிடந்தாலும் தெரியாது. டிக்கெட் வாங்கியிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.