1900க்கு முந்தைய நூற்பட்டியலைக் கால வரிசையில் அடுக்கியது: என் அனுபவம்

அறிவியல் வரலாற்று நூற்பட்டியலை அட்டவணைச் செயலியில் (spreadsheet) தேதி வாரியாக அடுக்கியபோது, 1665 மார்ச் 6 அன்று வெளியான இராயல் சொசைட்டி இதழும், வோல்ட்டா மின்கலம் பற்றி எழுதிய 1800 மார்ச் 20 கடிதமும் ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கீழே போய் நின்றன. அட்டவணைக் கலத்தின் (cell) தேதி வடிவத்தை மாற்றியும், கோப்பைப் புதிதாக இறக்கியும் பயன் கிடைக்கவில்லை. பிந்தைய தேதிகள் கலத்தின் வலப்புறத்திலும் பழையவை இடப்புறத்திலும் ஒட்டியிருந்ததைக் கண்ட பிறகே காரணம் விளங்கியது: 1900இலிருந்து நாள்களை எண்ணும் அந்தச் செயலி, அதற்கு முந்தைய தேதிகளை வெறும் எழுத்துகளாகக் கருதி, எண்களுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் முழு எண்களாகப் பிரித்து, அந்த வரிசையிலேயே அடுக்கியதும் பட்டியல் சீரானது. கோப்பர்னிக்கஸ் பற்றிய இக்கால ஆய்வுநூல்களும் 16ஆம் நூற்றாண்டின்கீழ் வர வேண்டும் என்பதால், பேசுபொருளின் தொடக்க ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும் வேறு இரு நெடுவரிசைகள் சேர்த்தேன், பெரும் நிம்மதி.