டிகிரிக்குப் பாடம் போதும், மெடிக்கல் ஸ்கூலுக்குப் போதாது: அமெரிக்காவில் ப்ரீ-மெட் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேரே எம்பிபிஎஸ் வகுப்பில் போய் உட்காரலாம். அமெரிக்காவில் முதலில் நான்கு வருடம் ஒரு டிகிரி, அதற்கப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல். பிள்ளைகள் ‘நான் ப்ரீ-மெட்’ என்று சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரில் மேஜரே (முதன்மைப் பாடப்பிரிவு) கிடையாது. பிறகு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாணவர் கையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் எல்லாருக்கும் வைத்திருக்கும் கோர் பாடங்கள் ஒன்று, மேஜருக்கான பாடங்கள் ஒன்று, மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்கும் பாடங்கள் ஒன்று. முதல் இரண்டையும் டிகிரி ஆடிட், அதாவது எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் கல்லூரியின் ஆன்லைன் பட்டியல், சரிபார்த்துச் சொல்லிவிடும். மூன்றாவது அதற்குத் தெரியவே தெரியாது. போர்ட்டலில் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் விழுந்திருக்கும், பிசிக்ஸ் லேப் மட்டும் எடுத்திருக்கமாட்டார்கள்.

மெடிக்கல் ஸ்கூல்கள் வழக்கமாகக் கேட்பது இவைதான்: பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஒவ்வொன்றும் லேபோடு ஒரு வருடம், ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி, ஆங்கிலம் அல்லது எழுத்துப் பயிற்சி, கணிதம் அல்லது புள்ளியியல். பல இடங்களில் உளவியலும் சமூகவியலும் சேரும். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும். ஸ்டான்போர்டு மாதிரி சில இடங்களில் கட்டாயப் பட்டியல் இல்லை, பரிந்துரை மட்டும்தான். அதை நம்பிப் பாடத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. யாரும் ஒரே கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிப்பதில்லையே.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, பெயர் ஒன்றாக இருக்கும் வேறு பாடத்தை எடுப்பதில். கோர் பட்டியலில் ‘அறிவியல் ஒன்று’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப கெமிஸ்ட்ரி துறையே இரண்டு மூன்று விதமாகப் பாடம் வைத்திருக்கும். அறிவியல் மேஜர் மாணவர்களுக்கு ஒன்று, நர்ஸிங் மாணவர்களுக்காக ஜெனரல், ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி மூன்றையும் சுருக்கித் தரும் ஒன்று, கலைப்பிரிவு மாணவர்களுக்காகச் சமையலறை வேதியியல் மாதிரி ஒன்று. மூன்றுமே டிகிரிக்குச் செல்லும். மெடிக்கல் ஸ்கூலுக்குப் பொதுவாக முதலாவதுதான் செல்லும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேட்டலாகில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாடத்தைத் திறந்து, அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள். அங்கே இருக்கும் எண்ணும் நீங்கள் எடுக்கப்போகும் பாடத்தின் எண்ணும் ஒன்றாக இருந்தால் சரி. லேபுக்குப் பல கல்லூரிகளில் தனி எண் உண்டு, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். லெக்சரில் சேர்ந்தால் லேப் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிசிக்ஸில் கதை தலைகீழ். கால்குலஸோடு வரும் பிசிக்ஸ்தான் மதிப்பு என்று நம் அப்பா அம்மாக்களுக்கு ஒரு எண்ணம். பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் அல்ஜீப்ரா அடிப்படையிலான பிசிக்ஸையே ஏற்கின்றன. மேஜருக்குத் தேவையில்லை என்றால் கடினமானதை வலிய இழுத்துப்போட்டு பி வாங்குவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

அடுத்தது ஏபி, ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் தேர்வு. ஹைஸ்கூலில் ஏழெட்டு ஏபி எழுதிவிட்டு வரும் பிள்ளை, பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் முடிந்த கணக்கு என்று தாண்டிவிடுகிறது. கல்லூரி ஒத்துக்கொள்ளும், டிகிரி ஆடிட்டிலும் டிக் விழும். மெடிக்கல் ஸ்கூல்களில் சில ஏபியை ஏற்பதே இல்லை. ஏற்கும் இடங்களிலும் பல, அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்திருக்கிறாயா என்று பார்க்கும். அந்த கிரெடிட் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயரோடு ஏறியிருக்கவும் வேண்டும். ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் தாண்டிவிட்டு முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக்கில் குதிப்பது இன்னொரு ஆபத்து. ஹைஸ்கூலில் எப்போதோ படித்த கெமிஸ்ட்ரி ஞாபகம் அந்த வகுப்பில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

மதிப்பெண் விஷயத்தைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் எம்டி என்பது நம் எம்பிபிஎஸ் மாதிரி முதல் மருத்துவப் பட்டம். பெரும்பாலான எம்டி கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் ஏஎம்காஸ். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்கையும் சேர்த்து அது தனியாக ஒரு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) போடும். புள்ளியியல் கணிதத்தில் சேரும், உளவியல் சேராது. ஒரு பாடத்தில் சி வாங்கி மறுபடி எடுத்து ஏ வாங்கினால், உங்கள் கல்லூரி பழையதை அழித்துவிடலாம். ஏஎம்காஸ் இரண்டையும் கணக்கில் எடுக்கும். எம்டிக்குப் பதில் டிஓ என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு புதிய மதிப்பெண் மட்டும் போதும் என்று இருந்தது, அந்தச் சலுகையையும் 2017-இல் எடுத்துவிட்டார்கள். ஹைஸ்கூலில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் டியூயல் என்ரோல்மென்ட்டில் எடுத்த பாடங்களும் இதில் வரும். பதினோராம் வகுப்பில் விளையாட்டாக எடுத்த பாடத்தின் சி, டாக்டர் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். அதனால் முதல் செமஸ்டரிலேயே பயாலஜி, கெமிஸ்ட்ரி, கால்குலஸ் மூன்றையும் ஒன்றாகத் தூக்கிச் சுமக்க வேண்டாம். பாஸ்/ஃபெயில் முறையில் எடுப்பதையும் இந்த முன்பாடங்களுக்குத் தவிருங்கள், பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

மெடிக்கல் ஸ்கூலுக்கான நுழைவுத் தேர்வு எம்கேட், 2015-இல் மாறியது. அதன் நான்கு பிரிவுகளில் அறிவியல் பிரிவுகள் இரண்டிலும் பயோகெமிஸ்ட்ரி இப்போது சுமார் கால் பங்கு வருகிறது. உளவியல், சமூகவியலுக்கு என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரி எடுக்க முதலில் ஆர்கானிக் முடிய வேண்டும், ஆர்கானிக் எடுக்க ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிய வேண்டும். சங்கிலியில் ஒன்று தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும். டிகிரி முடித்த அதே வருடம் சேர வேண்டும் என்றால் மூன்றாம் வருடம் முடியும்போதே விண்ணப்பம் போக வேண்டும். அதற்குள் எம்கேட்டும் எழுதியாக வேண்டும். முடியவில்லையா, ஒரு வருடம் இடைவெளி விட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உறவுக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

கோர் பாடங்களைச் சுமையாக நினைத்து, சுலபமானதைப் பொறுக்கி எடுப்பதும் வீண். சமூக அறிவியல் கட்டத்தில் உளவியலையோ சமூகவியலையோ போடலாம். கணிதக் கட்டத்தில் புள்ளியியல், எழுத்துக் கட்டத்தில் ஆங்கிலத் துறைப் பாடம். ஒரே பாடம் இரண்டு பட்டியலிலும் செல்லும். இப்படித் திட்டமிட்டால் வரலாறோ இசையோ மேஜராக எடுக்கக்கூட இடம் கிடைக்கும். பயாலஜிதான் மேஜராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கடைசியாக, நம் குடும்பங்களுக்கென்றே இரண்டு விஷயம். கோடை விடுமுறைக்கு இந்தியா போகும்போது அங்கே ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி முடித்துவிடலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரியின் மதிப்பெண்ணை ஏஎம்காஸ் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. முன்பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்று பல மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்கின்றன. சென்னையில் பிஎஸ்சி முடித்துவிட்டு வருபவர்களுக்கும் இதே கதைதான். இரண்டாவது விசா. அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசாவில் இருப்பதால் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்த விசா முடிந்துவிடும். படிப்பைத் தொடர எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் வெளிநாட்டு மாணவர் கணக்குத்தான். நிறைய மெடிக்கல் ஸ்கூல்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. எந்தக் கல்லூரி எடுக்கும், எந்த முன்பாடம் கேட்கும், ஏபியை ஏற்குமா என்பதெல்லாம் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்எஸ்ஏஆர் தளத்தில் கல்லூரிவாரியாக இருக்கிறது. முழு விவரம் பார்க்கக் கட்டணம் உண்டு. முதல் வருடப் பாடங்களுக்குப் பதிவு செய்யும் முன்பே, உங்கள் மாநிலக் கல்லூரிகளையாவது அதில் திறந்து பார்த்துவிடுங்கள்.