முதல் கடல்மீன் தொட்டி: மீன் வருவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

தங்கமீன், கப்பி, மோலி என்று நன்னீர் மீன் வளர்த்துக் கை பழகியவர்கள்தான் கடல்மீன் தொட்டியில் அதிகம் சறுக்குகிறார்கள். புதிதாக வருபவர் பயந்து பயந்து ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்கிறார். பழகியவரோ குழாய்த் தண்ணீரை நிரப்பி, உப்பைக் கரைத்து, மூன்றாம் நாளே மீனை விட்டுவிடுகிறார். இரண்டு வாரத்தில் அது செத்ததும் 'கடல்மீன் நமக்கு ஆகாது' என்று கடையைக் கட்டிவிடுகிறார். எந்தத் தண்ணீர், எந்த உப்பு, எத்தனை வாரக் காத்திருப்பு என்பதிலேயே அந்த மீனின் கதி முடிவாகியிருக்கும்.

கீழே சொல்வதெல்லாம் சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி மாதிரி வெக்கையான கடலோர ஊரில், வீட்டுக் கூடத்தில் வைக்கும் இரண்டடித் தொட்டிக்கு. பவளம் கிடையாது, மீன் மட்டும்.

சின்னத் தொட்டி சுலபம் என்ற நினைப்பு

இடத்தை அடைக்காது, செலவும் குறைவு என்று 20 லிட்டர் தொட்டியில் தொடங்குவது முதல் தவறு. தண்ணீர் குறையக் குறைய எல்லாமே வேகமாக மாறும். கூடுதலாகப் போட்ட ஒரு சிட்டிகைத் தீனி, மூடியைத் திறந்து வைத்த ஒரு நாள், செத்துக் கிடக்கும் ஒரு நத்தை, எதுவானாலும் 20 லிட்டரில் மறுநாளே தெரியும். 24 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம், 8 மில்லிமீட்டர் கண்ணாடி: இதுதான் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை 88 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போகத் தண்ணீர் 70 லிட்டர் சொச்சம் நிற்கும். உப்பானாலும் மருந்தானாலும் இந்த 70ஐ வைத்தே கணக்கிட வேண்டும், 88ஐ வைத்து அல்ல.

நிரம்பிய தொட்டி 110 கிலோவை எட்டும். பிளைவுட் ஸ்டாண்டு உப்புத் தண்ணீர் பட்டு ஓராண்டில் உப்பிவிடும். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் கனமான பலகை, பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெர்மோகோல் ஷீட் என்று வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தண்ணீரும் உப்பும்

பெரும்பாலான தொட்டிகள் கெடுவது இங்கேதான். போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) பல இடங்களில் 500, 1000 என்று நிற்கிறது. அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் இருந்தால் பாசி பிடித்து ஆட்டும். பித்தளைக் குழாய், வால்வு வழியாகக் கொஞ்சம் செம்பு கலந்தாலே நத்தையும் இறாலும் சாகும். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் வேறு.

'வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே' என்பார்கள். குடிநீருக்காக வைத்த ஆர்ஓவில் சுவைக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. அது வடிகட்டாத தண்ணீரை மறுபடி கலந்துவிடும். மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சேர்க்கும். மெம்பிரேனிலிருந்து நேராக, இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுத் தண்ணீரை எடுத்து, எஞ்சிய தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் நிரப்பிய குழாய் வழியே விட்டால் டிடிஎஸ் 0 வரும். ரெசின் தீர்ந்தால் எண் ஏறும், அப்போது மாற்ற வேண்டும். 20 லிட்டர் கேன் தண்ணீரை நம்புகிறவர்கள் ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றட்டும். ஒரே ஆள் போடும் கேனிலேயே வாரத்துக்கு ஒரு எண் காட்டும்.

அடுத்தது கல்லுப்பு. 'கடலிலிருந்து வந்ததுதானே, கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாதா?' ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு உறையும். மக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கி வெளியே போகும். பாத்தியில் வாரி எடுப்பது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் நீரில் லிட்டருக்கு 1300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியமும் இருக்கின்றன. இவை கல்லுப்பில் திரும்பி வராது. மரைன் சால்ட் என்றே விற்கும் கலவையை வாங்குங்கள். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், 70 லிட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஆகும்.

கரைப்பதிலும் வரிசை உண்டு. தண்ணீரை முதலில் டிரம்மில் ஊற்றி, சின்ன பம்ப் ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு கூடி, கால்சியம் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும், திரும்பக் கரையாது. ஒரு நாள் ஓடட்டும். மீன் இருக்கும் தொட்டிக்குள் நேராக உப்புப் போடவே கூடாது.

உப்பளவு ஆயிரத்துக்கு 35, அடர்த்தி எண்ணில் 1.025 அல்லது 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் மட்டும் போதாது. 35 அளவுள்ள திருத்தக் கரைசல் தனியாகக் கிடைக்கிறது, அதில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு நடுவில் உள்ள மெரினா கரைத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொட்டும்போது கரையோர உப்பளவும் விழுந்துவிடும். ஊரை விட்டுத் தள்ளி, மழை இல்லாத மாதத்தில், படகில் உள்ளே போய் எடுத்தால் ஒழிய, மரைன் சால்ட்டே நிம்மதி.

ஆவியாவது தண்ணீர், உப்பு அல்ல

தொட்டியில் தண்ணீர் இறங்கியதும் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறவர்கள் உண்டு. ஃபேன் ஓடும் கோடைத் தொட்டியில் நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகும் என்றால், மூன்று நாள் கவனிக்காவிட்டால் 35 இருந்தது 37ஐத் தாண்டியிருக்கும். அதன்மேல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த அதிகம் அப்படியே தங்கிவிடும். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் வாரம் ஒருமுறை, 7 லிட்டர் எடுத்துவிட்டு 7 லிட்டர் புதிதாக விடும்போது மட்டும்.

கல், மணல், சட்டம்

கடைகளில் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருக்கும் பவள எலும்புக்கூடுகளையும், ரகசியமாகக் கேட்டால் எடுத்துத் தரும் 'லைவ் ராக்'கையும் (நுண்ணுயிர்களோடு கடலிலிருந்து எடுத்த பாறை) தொடாதீர்கள். கெட்டிப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி பாதுகாக்கப்பட்டவை. செத்த பவளத் துண்டு என்றாலும் விலக்கு இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போனதற்குப் பவளப் பாறையை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். செயற்கையாக வார்த்த, துளை நிறைந்த செராமிக் கல் 7, 8 கிலோ போதும். தொட்டியின் உண்மையான ஃபில்டர் அதுதான். நுண்ணுயிர்கள் அந்தத் துளைகளில்தான் குடியேறும். கல்லை மணல்மேல் அடுக்காமல் அடிக்கண்ணாடியில் நிறுத்திவிட்டுப் பிறகு மணல் போடுங்கள். மணலைத் தோண்டும் மீன் வந்தாலும் கல் சரியாது.

மணல் அரகோனைட்டாக (சுண்ணாம்பு வகை) இருக்கட்டும், ஓர் அங்குல உயரத்துக்கு 9 கிலோ. கடற்கரை மணலை அள்ளி வந்தால் அதிலுள்ள கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டும். பம்பின் ரோட்டரில் புகுந்து அதை அரைக்கும், காந்த கிளீனரில் சிக்கி கண்ணாடியைக் கீறும்.

சைக்கிள் முடியும் முன் மீன்

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். நன்னீரில் அவசரப்பட்டுத் தப்பித்தவர்கள் இங்கே தப்பாததற்குக் காரணம் பிஎச். கடல் நீர் 8.2ஐ ஒட்டி இருப்பதால், அதே அளவு அமோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு, பிஎச் 7 தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

'முதலில் இரண்டு டாம்செல் மீன் விடுங்கள், தாங்கும்' என்று கடைக்காரர் சொல்வார். தாங்கும், செவுள் வெந்துகொண்டே. சைக்கிள் முடிந்த பிறகும் அந்த டாம்செல் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று அடுத்து வரும் மீனையெல்லாம் கடித்து விரட்டும். பிடிக்கக் கல்லையெல்லாம் கலைக்க வேண்டியிருக்கும். மீனே இல்லாமல் சைக்கிள் நடத்தலாம். அமோனியம் குளோரைடு 0.4 கிராம் (நகைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்) 70 லிட்டரில் அமோனியாவை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொண்டுவரும். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் வேகம் கூடும். அமோனியா பூஜ்யத்துக்கு இறங்கியதும் அதே அளவை மறுபடி போடுங்கள். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் பொய்யாக உயர்த்திக் காட்டும், அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். நடுவில் மணலெல்லாம் பழுப்பாகப் படியும் டயட்டம் பாசியும் அப்படித்தான். வரும், சில வாரத்தில் போகும். அதற்கு மருந்து ஊற்றுவது தேவையில்லாத வேலை.

வெக்கையும் கரண்ட் கட்டும்

ஹீட்டர் நம் கடலோர ஊர்களுக்கு வேண்டாம். தொல்லை மேலே ஏறும் வெப்பம்தான். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல் நீர் 6.7தான். 31 டிகிரியில் அது 6ஐ ஒட்டி இறங்கிவிடும். தொட்டி 25க்கும் 28க்கும் நடுவே நிற்க வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் காற்று அடிக்கும் இரண்டு சின்ன ஃபேன்கள் 2, 3 டிகிரி இறக்கும். புழுக்கமான நாளில் ஆவியாவது குறைவதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. மே மாதம் பகலில் 34ஐத் தொடும் மாடி வீடு என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள், அல்லது தரைத்தள அறையைப் பாருங்கள். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை நல்ல இடம் போலத் தோன்றும். தினமும் ஐந்து டிகிரி ஏறி இறங்குவது, நிலையான 28ஐவிட மோசம்.

மணிக்கு 1500 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் (அலை எழுப்பும் பம்ப்) ஒன்று நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் லைட்டைச் சேர்க்காமல் இதை மட்டும் அதில் இணையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) வைத்திருந்து, அது பல மணி நேரம் நின்றுபோனால் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் வரும். திறந்து அலசிவிட்டுப் போடுங்கள். பிளக் போர்டு தொட்டிக்குக் கீழே வேண்டாம், ஒயர் தொங்கி வளைந்து மேலேறி பிளக்கை அடையட்டும். வழிந்து வரும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். உப்புப் பூத்த பிளக் நன்றாகவே மின்சாரம் கடத்தும்.

மீன் தேர்வு

கடையில் 'டோரி' என்று காட்டும் நீல டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், இரண்டடியில் அதற்கு இடமே இல்லை. மாண்டரின் உயிருள்ள நுண் இறால்வகைகளைத் தவிர மற்றதைப் பெரும்பாலும் தொடாது. புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். கடல் சாமந்தி, அதாவது அனிமோன், முதல் வருடம் வேண்டாம். வெளிச்சம் போதாமல் இடம் தேடி நகரும், பம்பில் மாட்டிக் கூழாகி ஒரே இரவில் தொட்டியைக் கெடுக்கும். கடலில் அனிமோனுக்குள் வாழும் கிளவுன் மீனுக்குத் தொட்டியில் அது அவசியமும் இல்லை.

இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு ஜோடி கிளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ் அல்லது கோபி மீன், சில நத்தைகள். அதோடு நிறுத்துங்கள். பண்ணையில் பொரித்த கிளவுனையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதன் இனப்பெருக்கத்தைச் செய்து காட்டியவை. பண்ணை மீன் உலர் தீனியையும் உடனே எடுக்கும். அளவில் வித்தியாசமான இரண்டு குட்டிகளாக எடுத்தால் பெரியது பெண்ணாகும், சண்டை குறையும். ஃபயர்ஃபிஷ் குதிக்கும், மேலே வலை மூடி போடுங்கள்.

ஒட்டுண்ணியை அடக்கவும் உப்பை மிச்சம்பிடிக்கவும் பல கடைகளில் உப்பளவைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கடைத் தொட்டி 1.018 என்றால், உங்கள் 1.025க்கு ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றினால் போதாது. 25, 30 லிட்டர் வெற்றுத் தொட்டியை கடையின் அளவில் வைத்து மீனை அதில் விட்டு, நாளைக்கு 0.001 அல்லது 0.002 மட்டும் ஏற்றுங்கள். ஓரிரு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதில் வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஸ்பாஞ்சை முன்பே பெரிய தொட்டியில் சில வாரம் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா தயாராக இருக்கும்.

நான்கு வாரம் அங்கேயே கவனியுங்கள். உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளி என்றால் கடல் இக். தங்கத் தூள் படிந்த மாதிரி மங்கலும் வேகமான செவுள் அசைவும் வெல்வெட், அது சில நாளிலேயே கொன்றுவிடும். இரண்டுக்கும் செம்பு மருந்து இந்தச் சின்னத் தொட்டியில்தான், செம்பு கிட் வைத்து அளந்தபடி. பெரிய தொட்டியில் ஊற்றினால் கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும், நத்தை, இறால் சாகும், மருந்தளவும் நிலையாக நிற்காது. தனித்தொட்டி இல்லாமல் இக் உள்ளே வந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் ஓடவிட வேண்டும். ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு மணலில் அவ்வளவு காலம் உயிரோடு கிடக்கக்கூடியது.