சாக்சே-கோபுர்க்-கோத்தா கொடிவழியைப் பிசகில்லாமல் வரைவது எப்படி?

இந்த ஜெர்மன் டியூக் குடும்பத்தில் ஆட்களைப் பின்தொடர்வது எளிது. நாட்டுப் பெயர்கள்தான் குழப்பும். பங்காளிகள் திரும்பத் திரும்பப் பாகம் பிரித்தார்கள். ஒரு கிளை வாரிசின்றி அற்றால் அதன் நிலம் மறுபடி பங்குக்கு வந்தது. அதனால் இரண்டு தாள் எடுங்கள்: ஒன்றில் ஆட்கள், மற்றதில் நிலம். ஒரே தாளில் இரண்டையும் எழுதினால் 1826-ல் கட்டாயம் சிக்குவீர்கள்.

இந்தக் குடும்பத்தின் மூல வம்சமான வெட்டின், அண்ணன் தம்பிக்குள் பிரிந்த 1485 வரை போக ஆசை வரும், தாள் போதாது. கோத்தாவை ஆண்ட ‘பக்திமான்’ எர்ன்ஸ்டிலிருந்து (1601–1675) தொடங்குங்கள். 1680-ல் அவருடைய மகன்கள் எழுவரும் பிரித்துக்கொண்ட பாகங்கள்: கோத்தா-ஆல்டன்புர்க், கோபுர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்புர்க்ஹவுசன், சால்ஃபெல்ட். நிலத் தாளில் ஏழு பத்திகள் போட்டு, கிளை அற்ற ஆண்டில் பத்தியை மூடுங்கள்: கோபுர்க் 1699, ஐசன்பெர்க் 1707, ரோம்ஹில்ட் 1710, கோத்தா-ஆல்டன்புர்க் 1825. இவற்றில் கோபுர்க் பற்றிய தகராறு 1735 வரை இழுத்து, கடைசியில் சால்ஃபெல்ட் கிளைக்குச் சாதகமாக முடிந்தது.

1826 நவம்பரில் மிச்சமிருந்த மூன்று கிளைகளும் நிலத்தை மாற்றிக்கொண்டன. ஹில்ட்புர்க்ஹவுசன் டியூக் ஆல்டன்புர்க்குக்குப் போனார். ஹில்ட்புர்க்ஹவுசனும் சால்ஃபெல்டும் மைனிங்கனோடு சேர்ந்தன. கோபுர்க்-சால்ஃபெல்டின் மூன்றாம் எர்ன்ஸ்ட், கோபுர்க்-கோத்தாவின் முதலாம் எர்ன்ஸ்ட் ஆனார். ஆள் ஒருவரே, எண் மட்டும் மாறியது. ‘இரண்டாம் எர்ன்ஸ்ட்’ என்று எழுதினாலும் இதே வம்பு: முதலாம் எர்ன்ஸ்டின் மகனும் (1818–1893) இரண்டாம் எர்ன்ஸ்ட், அந்த மகனின் தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவும் (1745–1804) இரண்டாம் எர்ன்ஸ்ட். ஆகவே பட்ட எண்ணை நம்பாமல், பெயருக்குப் பக்கத்தில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளை எழுதுங்கள். இவர்களுக்குப் பெண் கொடுத்த ராய்ஸ் குடும்பத்தில் இது இன்னும் அவசியம். அங்கே ஆண்கள் எல்லோருக்குமே பெயர் ஹைன்ரிஷ்!

மூதாதையர் அட்டவணைக்கு ஜெர்மானியர் பின்பற்றும் எண்முறை வசதியானது. ஆள் 1, தந்தையின் எண் இரு மடங்கு, தாயின் எண் அதோடு ஒன்று கூட்டியது. விக்டோரியா மகாராணியின் மகன் ஏழாம் எட்வர்டை 1 என்று வைத்துப் பாருங்கள். தந்தை ஆல்பர்ட் (முதலாம் எர்ன்ஸ்டின் இளைய மகன்) 2, தாய் விக்டோரியா 3. விக்டோரியா ஆல்பர்ட்டுக்கு அத்தை மகள். அதனால் 8-ம் 14-ம் ஒரே ஆள், டியூக் ஃபிரான்ஸ் (1750–1806). 9-ம் 15-ம் அவர் மனைவி அவுகுஸ்தா. எட்டு இடத்தில் ஆறு பேர்தான். மறுமுறை வரும் இடத்தில் ‘8-ஐப் பார்க்க’ என்று மட்டும் எழுதி அதற்கு மேல் போகாதீர்கள். இல்லையென்றால் அதே முன்னோர்களை இரண்டு முறை வரைவீர்கள்.

பிறப்புக்கு முழுக்கோடு, பட்டத்துக்குப் புள்ளிக்கோடு. 1893-ல் இரண்டாம் எர்ன்ஸ்ட் சட்டப்படியான பிள்ளையின்றி இறந்ததும் பட்டம் தம்பி ஆல்பர்ட்டின் மகன் ஆல்ஃபிரெட்டுக்குப் போனது. ஆல்ஃபிரெட்டின் ஒரே மகன் 1899-ல் இறந்ததால், 1900-ல் மறுபடியும் தம்பி மகனுக்கே: 16 வயது கார்ல் எடுவார்ட். 1918 நவம்பரில் அவரோடு ஆட்சி முடிகிறது. புள்ளிக்கோட்டை அங்கே நிறுத்துங்கள்.

தேதிகளில் ஒரு கண் வேண்டும். ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் நாடுகள் 1700 பிப்ரவரி 18-க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கின. 17-ஆம் நூற்றாண்டில் ஒரே நிகழ்வுக்கு பத்து நாள் வித்தியாசத்தில் இரண்டு தேதி கிடைத்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த நாட்காட்டி என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

மூல ஆவணம் தேடுபவர்கள் இரண்டு ஊரில் விசாரிக்க வேண்டும். 1920-ல் கோபுர்க் பவேரியாவோடும் கோத்தா தூரிங்கியாவோடும் சேர்ந்ததால் காகிதங்கள் கோபுர்க், கோத்தா அரசு ஆவணக் காப்பகங்களில் பிரிந்து கிடக்கின்றன. பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘e’ எழுத்து ‘n’ போலவே தெரியும். பெயரைப் படிக்குமுன் அதே எழுத்தர் எழுதிய தெரிந்த சொல் ஒன்றோடு ஒப்பிடுங்கள்.