பூனைக்குட்டியின் தீராத வயிற்றுப்போக்கு: இழுத்தடிக்க வைக்கும் தவறுகள்

குட்டிப் பூனைக்கு ஓரிரு நாள் வயிறு கெடுவது அடிக்கடி நடப்பதுதான். உணவு மாறியிருக்கும், எதையாவது நக்கித் தொலைத்திருக்கும், தானாகவே சரியாகிவிடும். வாரக்கணக்கில் போனால்தான் தலைவலி. மூன்று வாரம் தாண்டிவிட்டால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்பார்கள். அதற்குள் வீட்டில் என்னென்னவோ நடந்து முடிந்திருக்கும். உணவு மாறியிருக்கும், புழு மருந்து போயிருக்கும், யாரோ சொன்ன மாத்திரை போயிருக்கும், ஏதோ ஒரு பொடியும் கலந்தாகியிருக்கும். இதில் எது உதவியது, எது கெடுத்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. நோய் முரட்டுத்தனமாக இருப்பதால் இழுப்பதைவிட, காரணம் தெரிவதற்கு முன்பே வைத்தியம் தொடங்கிவிடுவதால் இழுப்பதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

காத்திருக்கக் கூடாத குட்டிகள்

முதலில் ஒன்றைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். மூன்று மாதம்கூட ஆகாத குட்டிக்கு "இரண்டு நாள் பார்ப்போம்" என்ற கணக்கே கிடையாது. சின்ன உடம்பில் நீர் வேகமாக வற்றும், ரத்தத்தில் சர்க்கரையும் சட்டென்று இறங்கும். எந்த வயதாக இருந்தாலும் வாந்தி, சாப்பிட மறுப்பது, சுருண்டு படுத்துக்கொள்வது, ஈறு வெளிறுவது அல்லது பிசுபிசுப்பது, மலம் தார்போலக் கறுப்பாக வருவது, ரத்தம் நிறையப் போவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டி என்றால் ஃபெலைன் பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோயும் பட்டியலில் இருக்கிறது. அது மணிக்கணக்கில் குட்டியைச் சாய்த்துவிடக் கூடியது. ஒரு ஊசி போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வார வயது வரை போட்டால்தான் அந்தத் தொடர் முடிகிறது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இன்னொரு காட்சி, லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்குவது. மலச்சிக்கல் என்று நினைத்து பேதி மருந்து கொடுப்பவர்கள் உண்டு. பெருங்குடல் வீங்கியிருந்தாலும் பூனை இப்படித்தான் முக்கும். கொஞ்சமே கொஞ்சம் நீர்த்த மலமோ சளியோ வரும். ஆண் பூனையாக இருந்து ஒன்றுமே வரவில்லையென்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத அவசரம். முக்கி முக்கி ஆசனவாயிலிருந்து சிவப்பாகச் சதை பிதுங்கி வெளியே நின்றாலும் அப்படியே. ஈரத் துணியால் அதைக் காயாமல் மூடி, நக்க விடாமல், உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

மலத்தைப் பார்க்காமல் மருந்தைத் தேடுவது

அருவருப்பான வேலைதான். ஆனாலும் பாதி துப்பு அங்கேதான் கிடக்கிறது. சிறுகுடலில் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், போகும் தடவைகள் பெரிதாக அதிகரிக்காது, குட்டி மெலியும். பெருங்குடலில் என்றால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடும் சில சமயம் சிவப்பு ரத்தக் கோடுகளோடும் போகும். எடை பெரும்பாலும் குறையாது, குட்டி ஓடியாடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே மருத்துவர் தேட வேண்டிய எல்லை பாதியாகச் சுருங்கிவிடும். "லூஸ் மோஷன் போகுது டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அவரும் பொதுவாக எதையாவது எழுதித் தருவார்.

ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வளரும் குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறும். எடை ஏறிக்கொண்டிருந்தால் யோசித்துச் செயல்பட நேரம் இருக்கிறது; நின்றுவிட்டாலோ இறங்கினாலோ இல்லை.

உணவில் நடக்கும் கூத்து

பாலை எல்லோரும் அறிந்தே கொடுக்கிறார்கள். தாய்ப்பால் மறந்த பூனையின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை மேலும் தளர்த்தும். வயிறு ஏற்கெனவே கெட்டிருக்கும்போது பால் ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு பட்டினி போடுவது. "குடலுக்கு ஓய்வு" என்ற பழைய யோசனை குட்டிகளுக்குப் பொருந்தாது. குடலின் உள்சுவர் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவே உணவு வேண்டும். வளர்ந்த பூனைகூடச் சில நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிறு சிறு அளவாக, நாளுக்குப் பல முறை கொடுப்பதே சரி. அதற்காக ஆசையில் அதிகம் வைத்துவிடவும் வேண்டாம். அளவுக்கு மீறிச் சாப்பிட்டதாலேயே மலம் தளரும் குட்டிகள் நிறைய உண்டு. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவை எடையோடு ஒத்துப் பார்த்தால் சில சமயம் விடை அங்கேயே இருக்கும்.

வேகவைத்த கோழி கொடுக்கலாமா? உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் ஓரிரு நாளுக்குச் சரி. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், அவற்றைப் போட்டுக் கொதிக்கவைத்த சாறும் அப்படித்தான். மலம் கொஞ்சம் கெட்டியானதும் வாரக்கணக்கில் வெறும் கோழியிலேயே நிறுத்திவிடுவதுதான் வினை. வெறும் இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு, வளரும் எலும்பு அதைத் தாங்காது. பச்சை இறைச்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே நொந்த குடலுக்குள் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவை அழைத்து வருவது போலத்தான்.

பிறகு, ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பழக்கம். ஒவ்வொரு திடீர் மாற்றமும் தனியாகவே வயிற்றைக் கலக்கக் கூடியது. அது கலக்கியதைப் பார்த்து, இதுவும் சேரவில்லை என்று அடுத்ததுக்குப் போகிறோம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 7 முதல் 10 நாளில் பழையதைக் குறைத்து, புதியதைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வாமையைச் சந்தேகித்து மருத்துவர் சோதனை உணவு கொடுத்தால், அந்தக் காலத்தில் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. நடுவில் ஒரு துண்டு ட்ரீட், சுவை சேர்த்த மாத்திரை, பக்கத்துப் பூனையின் கிண்ணம் என்று எது நுழைந்தாலும் சோதனை வீண். வயிற்றைப் பொறுத்தவரை இந்தச் சோதனைக்குப் பொதுவாக இரண்டு, மூன்று வாரத்தில் பதில் தெரிந்துவிடும்.

"புழு மாத்திரை கொடுத்தாச்சே"

இளம் பூனைகளின் தீராத வயிற்றுப்போக்கில் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு இந்த வரியில்தான் இருக்கிறது. பைரன்டெல், பிராசிகுவான்டெல் போன்ற மருந்துகள் புழுக்களுக்கானவை. ஜியார்டியா, காக்சிடியா, ட்ரைட்ரைக்கோமோனாஸ் ஆகியவை புழுக்களே அல்ல, ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். அந்த மாத்திரை அவற்றைத் தொடாது. ஃபென்பெண்டசோல் ஜியார்டியா மீதும் வேலை செய்யும், ஆனால் ஒரு வேளை போதாது; தொடர்ந்து சில நாள் கொடுக்க வேண்டும். காக்சிடியாவுக்கு வேறு மருந்து, ட்ரைட்ரைக்கோமோனாஸுக்கு இன்னும் வேறு.

புழுவுக்கே ஒரு முறை போதாது. உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். மருந்து குடலில் இருப்பவற்றை வெளியேற்றும், உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேரும். குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கொடுப்பது இதனால்தான்.

மலப் பரிசோதனை செய்து "நெகட்டிவ்" என்று வந்தால் கதை முடிந்தது என்று நினைப்பது அடுத்த சறுக்கல். ஜியார்டியா எல்லா நாளும் வெளியே வராது, ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளைப் பார்ப்பதோ, ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனையைச் சேர்த்துக்கொள்வதோ அதற்காகத்தான்.

ட்ரைட்ரைக்கோமோனாஸ் இன்னும் தந்திரமானது. பல பூனைகள் நெருக்கமாக வளரும் காப்பகங்களிலிருந்தும் இனப்பெருக்கக் கூடங்களிலிருந்தும் வரும், ஒரு வயதுக்குட்பட்ட பூனைகளிடம் அதிகம் தென்படும். குட்டி நன்றாகச் சாப்பிடும், விளையாடும்; மலம் மட்டும் சாணிபோலக் குழைந்து, கடும் நாற்றத்தோடு, சளியோடு வரும். சில சமயம் தன்னையறியாமல் சொட்டும், ஆசனவாய் சிவந்து வீங்கியிருக்கும். மலத்தைக் கரைசலில் கலந்து, மேலே மிதப்பவற்றைப் பார்க்கும் வழக்கமான மிதவை முறைப் பரிசோதனையில் இது அகப்படாது. நுண்ணோக்கியில் அசைவைப் பார்த்தும் ஜியார்டியா என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. ஜியார்டியாவுக்கு மருந்து கொடுத்தும் மாறாத குட்டியென்றால் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பற்றி மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாதிரியைக் கொண்டுபோவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புழு முட்டை பார்ப்பதற்கென்றால் மலத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுக்கலாம். ட்ரைட்ரைக்கோமோனாஸைத் தேடுவதென்றால் ஃப்ரிட்ஜே கூடாது. குளிரில் அது செத்துவிடும், செத்ததை நுண்ணோக்கியில் அடையாளம் காண முடியாது. லிட்டர் துகள் ஒட்டாத, அப்போதுதான் போன மலம் வேண்டும்.

கையில் கிடைத்த மாத்திரை

மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு நாளில் மலம் கெட்டியாகும், நிறுத்தியதும் திரும்ப வரும். மறுபடி அதையே வாங்குவோம். இந்தச் சுழல் பல வீடுகளில் மாதக்கணக்கில் ஓடுகிறது. அது மலத்தைத் தற்காலிகமாகக் கட்டலாம், கூடவே குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் கலைத்துவிடும். ட்ரைட்ரைக்கோமோனாஸை அது ஒழிப்பதில்லை. அதற்குப் பயன்படும் ரோனிடசோல், அளவு தவறினால் நரம்பைத் தாக்கக் கூடியது. தள்ளாட்டம், நடுக்கம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எடை பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

மனிதர்களின் மருந்துப் பெட்டியை மூடியே வையுங்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். பிஸ்மத் சப்சாலிசிலேட் வகை வயிற்று மருந்துகளில் ஆஸ்பிரினின் உறவுக்காரச் சேர்மம் இருக்கிறது, பூனையின் உடம்பு அதை மெதுவாகத்தான் கழிக்கும். மனிதர்களின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு குடலின் ஓட்டத்தை நிறுத்தி, வெளியேற வேண்டிய நச்சையும் கிருமியையும் உள்ளேயே தங்கவிடும். துவண்டு கிடக்கும் குட்டியின் வாயில் சிரிஞ்சால் நீரை வேகமாகப் பீச்சுவதும் ஆபத்துதான், அது நுரையீரலுக்குப் போய்விடும்.

நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. பூனைகளுக்கென்று தயாரித்ததாக இருந்தால் கெடுதல் அரிது, சில குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு நீடிக்கும் நாட்கள் குறைகின்றன. ஒட்டுண்ணி இருக்கும் குட்டிக்கு அதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது பயனில்லை.

மருந்து சரி, லிட்டர் பாக்ஸ்?

சரியான மருந்து கொடுத்தும் இரண்டே வாரத்தில் திரும்ப வந்தால் லிட்டர் பாக்ஸைப் பாருங்கள். காக்சிடியா முட்டைகள் வெளியே வந்த உடனே தொற்றாது, முதிர்ச்சியடைய நேரம் வேண்டும். மலத்தை உடனுக்குடன் அள்ளிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ப்ளீச் அவற்றை ஒன்றும் செய்யாது. பெட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, முழுக்கக் காயவிடுவதே பலன் தரும். மருந்து முடியும் நாளில் பூனையின் பின்புற ரோமத்தையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் நக்கும்போது தன் ரோமத்திலிருந்தே மீண்டும் வாங்கிக்கொள்ளும். பினாயில் போன்ற ஃபீனால் கலந்த திரவங்கள் பூனைக்கு நஞ்சு, லிட்டர் பாக்ஸ் பக்கமே அவை வரக் கூடாது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், அவற்றுக்கு வயிறு சரியாக இருந்தாலும் ஒட்டுண்ணி இருக்கலாம். நோய்ப்பட்ட குட்டிக்குத் தனிப் பெட்டி, மற்றவற்றுக்கும் பரிசோதனை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

இவ்வளவும் பார்த்தும் தீராமல், எடையும் ஏறாமல் இருந்தால் மலத்தோடு நின்றுவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனை, பூனை லுக்கீமியா வைரஸ் மற்றும் எஃப்.ஐ.வி. (பூனையின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) சோதனை, வைட்டமின் பி12 அளவு, வயிற்று ஸ்கேன் என்று மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். பி12 குறைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மற்ற மருந்துகள் முழுப் பலன் தராமல் போகலாம், பலரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

கடைசியாக, குணமான பிறகும் சிலர் மருந்தை விடுவதில்லை. ஜியார்டியா ஆன்டிஜென் சோதனை, சிகிச்சை பலித்த பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம். மலம் உருண்டையாக வருகிறது, எடை ஏறுகிறது, குட்டி திரைச்சீலையில் தொங்குகிறது, ஆனால் காகிதத்தில் மட்டும் பாசிட்டிவ் என்றால், அந்தக் காகிதத்துக்காக இன்னொரு கோர்ஸ் கொடுக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு மருந்தை நிறுத்தலாம்.