பாங்கொக் சந்தையில் ஆளை ஆள் தவறவிட்டால் என்ன செய்வது?

கிளிநொச்சியில் வழி தவறுவது கஷ்டம். ஏ9 வீதி ஒன்று நேராகப் போகும், பரந்தன் சந்தி, கரடிப்போக்கு, டிப்போ சந்தி என்று எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதற்கு மேல் தெரியாவிட்டால் ஆரிடமாவது கேட்கலாம். "குளக்கட்டால போய், கோயிலடியில திரும்புங்கோ" என்று சொல்லுவார்கள், சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூடவே வந்து விட்டுவிட்டும் போவார்கள். இப்படி வளர்ந்த நாங்கள், வாசிக்கத் தெரியாத எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் ஒரு நகரத்தில் நின்றால் கால் கூசும்.

தங்கச்சியின் கலியாணத்துக்குச் சாமான் வாங்க அம்மா, சின்னம்மா, தங்கச்சி, நான் என்று நாலு பேர் பாங்கொக் போனோம். சத்துசாக் வாரஇறுதிச் சந்தையில் அம்மாவை முக்கால் மணித்தியாலம் தவறவிட்டோம். அந்த நேரம் பட்ட பாட்டில் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன். முதன்முதல் வெளிநாடு போகிறவர்கள், குறிப்பாக வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், ஆறுதலாக வாசியுங்கள்.

படி 1: விடுதியை விட்டு வெளிக்கிட முதல்

வரவேற்பு மேசையில் விடுதியின் விலாச அட்டையைக் கேட்டு வாங்குங்கள். விலாசம் தாய்லாந்து எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தை வாசிக்கச் சிரமப்படும் ரக்சி சாரதிகள் அங்கே நிறையப் பேர். அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி வீட்டில் பெரியவரிடம் கொடுத்துவிட்டால், தவறிப்போன ஆளிடம் எதுவும் இருக்காது.

அடுத்தது போன் இலக்கம். வீட்டு இலக்கம் 077 என்று தொடங்கினால், முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு +9477 என்று சேமியுங்கள். தாய்லாந்து சிம்மில் இருந்து வெறும் 077 என்று அடித்தால் இலங்கைக்குப் போகாது. அங்கே வாங்கும் சிம்மின் இலக்கத்துக்கு முன்னால் +66 வரும். இவற்றை ஒரு கடதாசியிலும் எழுதி அம்மாவின் காசுப்பைக்குள் வையுங்கள், பற்றரி இறங்கினாலும் கடதாசி கையில் இருக்கும்.

கூகுள் மப்பில் பாங்கொக் பகுதியை முதல்நாளே விடுதி வைஃபையில் தரவிறக்கிவிடுங்கள். விடுதியில் நின்றபடியே அந்த இடத்தையும் சேமியுங்கள்.

படி 2: சந்திக்கும் இடத்தைக் கண்ணால் காட்டுங்கள்

நாங்கள் பிழைவிட்டது இதில்தான். "தவறினா வாசலுக்கு வாங்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தோம். சத்துசாக்கில் கடைகள் மட்டும் 15,000க்கு மேல், பகுதிகள் 27. வாசல்களும் பல. மோ சித் ஸ்கைட்ரெயின் நிலையத்தால் வருகிறவருக்கு ஒரு வாசல், கம்பேங் பெத் சுரங்க ரயிலால் வருகிறவருக்கு வேறு வாசல். எந்த வாசல் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சந்தையின் நடுவில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. உள்ளே போனதும் முதல் வேலையாக எல்லாரையும் அதன் அடிக்குக் கூட்டிப்போங்கள். நின்று சுற்றிப் பார்க்கவிட்டு, பிறகு சொல்லுங்கள்: "ஆளைக் காணேல்லை எண்டால் இதிலதான் வந்து நிக்கோணும்." அம்மா எங்களைச் சின்ன வயதில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிப்போகும்போது இதையேதான் செய்தவா. ஒரு மரத்தைக் காட்டி, அதைத் தொட்டுப் பார்க்கவும் வைத்துத்தான் சனத்துக்குள் விடுவா. வெளிநாடு என்றதும் நாங்கள் அதை மறந்துபோனோம்.

படி 3: நடக்கும்போது திரும்பிப் பாருங்கள்

அப்பா காட்டுக்கு விறகுக்குப் போனால் கொப்பை முறித்துப் போட்டுக்கொண்டு போவார். நடந்து நடந்து நின்று பின்னாலும் பார்ப்பார். போகும்போது தெரிந்த பாதை, திரும்பும்போது வேறு முகமாக இருக்கும். சந்தையிலும் அப்படித்தான். ஒரே மாதிரிச் சட்டைக்கடை பத்து வரும்.

சத்துசாக்கில் பகுதி இலக்கமும் ஒழுங்கை இலக்கமும் தலைக்கு மேலே தொங்கும். ஒழுங்கையை அங்கே "சோய்" என்பார்கள். ஏதாவது வாங்கிய உடனே கடையைப் படம் எடுக்காமல் அந்த இலக்கப் பலகையைப் படம் எடுங்கள். பையை ஒரு கடையில் வைத்துவிட்டு வந்தாலும் திரும்பிப் போக இதுதான் வழி.

சுகும்வித் வீதிப் பக்கம் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே சோய்களில் ஒற்றை இலக்கம் வடக்குப் பக்கம், இரட்டை இலக்கம் தெற்குப் பக்கம். ஆனால் இரண்டு பக்கமும் சமமாகப் போவதில்லை. சோய் 55க்கு எதிரே 56 இராது, 38 ஆம் சோய்ப் பக்கம்தான் இருக்கும். இலக்கத்தை மட்டும் நம்பி வீதியைக் கடந்து தேடினால் வெகுதூரம் நடக்கவேண்டி வரும்.

படி 4: தவறிவிட்டது என்று தெரிந்த நிமிடம்

நில்லுங்கள். தவறிய ஆள் நிற்கவேண்டும், தேடுகிறவர்களில் ஒருவர் மட்டும் நடக்கவேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினோம். சின்னம்மா ஒரு பக்கம் போய், கொஞ்ச நேரத்தில் அவவையும் காணவில்லை. எங்கள் ஊரில் "ஆளைக் காணேல்லை" என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் உங்களுக்குத் தெரியும். 2009இல் சனத்தோடு சனமாக, ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்தபடி நடந்து வந்தவர்கள் நாங்கள். சந்தைக்குள் அம்மாவைக் காணவில்லை என்றதும் தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள். நான் கடை கடையாக எட்டிப் பார்த்தேன், என்ன பார்க்கிறேன் என்றே தெரியாமல்.

அம்மா எங்கே நின்றவா தெரியுமா? நாங்கள் கடைசியாக ஒன்றாக நின்ற பீங்கான் கடை வாசலில். கடைக்காரப் பெண் ஒரு ஸ்டூலும் தண்ணியும் கொடுத்து இருத்தியிருந்தா. நாங்கள் அந்த ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஓடித் திரிந்திருக்கிறோம். "நான் எங்கயும் போகேல்லையே, நீங்கள்தானே துலைஞ்சனீங்கள்" என்றா.

ஆகவே கடைசியாக ஒன்றாக நின்ற இடத்துக்கு முதலில் திரும்பிப் போங்கள். அங்கே 15 நிமிடம் பாருங்கள். ஆள் இல்லாவிட்டால் மட்டும் மணிக்கூட்டுக் கோபுரம். இந்த வரிசையை எல்லாருக்கும் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

படி 5: செய்தி அனுப்பும் விதம்

"எங்க நிக்கிறாய்?" என்று பத்துத்தரம் அடித்தால் பற்றரிதான் போகும். வட்ஸ்அப்பில் நிற்கும் இடத்தின் லொகேசனை அனுப்பி, தலைக்கு மேலே தெரியும் பலகையையும் படம் எடுத்து அனுப்பி, "அசையமாட்டன்" என்று ஒரு குரல்பதிவு போடுங்கள். கூரைக்குக் கீழே லொகேசன் கொஞ்சம் தள்ளிக் காட்டலாம், அதனால்தான் படமும் வேண்டும்.

ஊரில் உள்ளவர்களுக்கு உடனே எடுத்துச் சொல்லவேண்டாம். கிளிநொச்சியில் இருக்கும் அப்பாவால் பாங்கொக்கில் ஒன்றும் செய்ய முடியாது, நெஞ்சுதான் இடிக்கும்.

படி 6: ஆரிடம் கேட்பது

நீங்களாகப் போய்க் கேட்கும் ஆள் நல்லது. தானாக வந்து "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கும் ஆளோடு போகவேண்டாம். "நீங்கள் போகும் இடம் இன்றைக்குப் பூட்டு, நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்று சொல்லி டுக்டுக்கில் ஏற்றி நகைக்கடை, தையல்கடை என்று கொண்டுபோவது பாங்கொக்கில் பழைய ஏமாற்று. கடை விட்டுப் போகமுடியாத கடைக்காரர், சீருடையில் நிற்கும் காவலாளி, குழந்தையோடு வரும் பெண்கள், இவர்களைக் கேளுங்கள்.

"யூ நை?" என்றால் எங்கே இருக்கிறது என்று அர்த்தம். ஆண்கள் கடைசியில் "க்ராப்" என்றும் பெண்கள் "கா" என்றும் சேர்த்தால் மரியாதை. போனில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் படத்தைக் காட்டி "யூ நை கா?" என்றால் கையைக் காட்டிவிடுவார்கள்.

ஒருவரும் உதவாவிட்டால் சுற்றுலாப் பொலிஸ் 1155, ஆங்கிலத்தில் கதைக்கலாம். அவசரப் பொலிஸ் 191. எங்கள் நாட்டில் 119, அங்கே 191. பதற்றத்தில் மாறும், எழுதி வையுங்கள்.

படி 7: தனியே விடுதிக்குத் திரும்புவது

நாங்கள் தங்கியது சீலோம் பக்கம், மாரியம்மன் கோயிலுக்குக் கிட்ட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய கோயில் அது. தாய்க்காரர் அதை "வட் கேக்" என்பார்கள். விடுதிப் பெயர் அம்மாவின் வாயில் நிற்கவில்லை, வட் கேக் உடனே நின்றது. நீங்களும் விடுதிக்குக் கிட்ட உள்ள பெரிய கோயிலையோ கட்டடத்தையோ அப்படிப் பழக்கி வையுங்கள்.

ரக்சி என்றால் மீற்றர் போடச் சொல்லுங்கள், 35 பாத்தில் தொடங்கும். போடமாட்டேன் என்றால் இறங்கி அடுத்ததைப் பிடியுங்கள். ஸ்கைட்ரெயின் என்றால், மோ சித்தில் ஏறி, சியாம் நிலையத்தில் சீலோம் பாதைக்கு மாறி, பாங் வா பக்கம் போகும் ரயிலில் சுரசாக்கில் இறங்கவேண்டும். அங்கிருந்து கோயில் நடைதூரம்.

விடுதிக்கு வந்து சேர்ந்தவர் அறைக்குப் போய்ப் படுக்கக்கூடாது. கீழே வரவேற்பில் இருந்து, அவர்களின் வைஃபையில் "வந்திட்டன்" என்று செய்தி போட்டு, தேடுகிறவர்கள் பதில் அனுப்பும்வரை அங்கேயே இருக்கட்டும்.